சீசன் பொய்த்த ஆண்டில் நிதி திரட்டுவது

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் மாலைநேரப் பாடமையமோ, தையல் பயிற்சியோ, விபத்தில் சிக்கிய குடும்பங்களுக்கு உதவும் அறக்கட்டளையோ நடத்துகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சென்னையிலோ கோவையிலோ ஒரு தொழில் படுத்தால் இன்னொரு தொழில்காரரிடம் போய்க் கேட்கலாம். இங்கே பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என்று மூன்று தொழில்களைச் சொன்னாலும், பட்டாசு படுத்தால் அதற்கு லேபிள் அடிக்கும் அச்சகமும் சேர்ந்து படுக்கும். அட்டைப்பெட்டி செய்கிறவர், லாரி செட்காரர், டீக்கடைக்காரர் எல்லோருக்கும் அதே கதிதான். உங்களுக்கு நன்கொடை தரும் முதலாளியும், உங்கள் மையத்துக்குப் பிள்ளையை அனுப்பும் தாயும் ஒரே ஆலையை நம்பி இருப்பவர்கள். ஆலை மூடினால், தேவை கூடுகிற அதே வாரத்தில் உங்கள் வரவும் நின்றுபோகும்.

இது கற்பனை இல்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசு மட்டும் செய்யலாம் என்றது. அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2020இல் ஊரடங்கு. அதே ஆண்டு தீபாவளிக்கு டெல்லி, ராஜஸ்தான், ஒடிசா என்று வெளிமாநிலச் சந்தைகள் அடைபட்டன. 2021 அக்டோபரில் பேரியம் தடையை நீதிமன்றம் மறுபடியும் வலியுறுத்தியது. டெல்லித் தடை ஆண்டுதோறும் தொடர்ந்து, 2025 தீபாவளியை ஒட்டித்தான் சில நாள்களுக்குப் பசுமைப் பட்டாசு அங்கே அனுமதிக்கப்பட்டது. கெட்ட ஆண்டு எப்போதாவது வருவது என்று எண்ணித் திட்டம் போடும் நிறுவனம் இந்தப் பகுதியில் நிலைக்காது. கெட்ட ஆண்டையே வழக்கமான ஆண்டாக வைத்துக் கணக்குப் போடுங்கள். நல்ல ஆண்டு வந்தால் அது சேமிப்புக்கு.

அரசுப் பணத்தை மட்டும் நம்புவதும் ஆபத்துதான். 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைகள் பலரைப் பட்டறையிலிருந்து பாடத்துக்குக் கொண்டுவந்தன. அந்தத் திட்டம் 2021இல் சமக்ர சிக்‌ஷாவோடு இணைக்கப்பட்டது. அதை மட்டும் ஆதாரமாக வைத்து மையம் நடத்தியவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த வழி

நெருக்கடியில் நிதி திரட்டுவது எப்படி என்று கற்க நாம் வெளியூர்ப் பயிற்சிப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. 1885இல் விருதுநகரில், அன்றைய விருதுபட்டியில், சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளி தொடங்கப்பட்டது. பின்னாளில் காமராசர் படித்த பள்ளி அது. பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காமல் அதை நடத்த வீடு வீடாகப் பிடி அரிசி திரட்டினார்கள். உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அதை வந்து வாங்கிப் போவார்கள். அரிசி கொடுத்த வீடுகளில் பெரும்பாலானவை பணக்கார வீடுகள் அல்ல. ஆனால் அந்தப் பள்ளி தங்கள் பள்ளி என்பது அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் அரிசி களையும்போது அவர்கள் அதை நினைத்திருக்கிறார்கள். இதைவிடச் சிறந்த விளம்பர உத்தியை நான் எந்த மேலாண்மைப் புத்தகத்திலும் படித்ததில்லை.

வியாபாரிகள் பக்கம் மகமை இருந்தது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களின் உறவின்முறைகள், அதாவது சமூகச் சங்கங்கள், வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்கு ஒதுக்கச் செய்தன. மூட்டைக்கு இவ்வளவு, சரக்குக்கு இவ்வளவு என்று விகிதம் இருந்தது. பேட்டையும் கோயிலும் கிணறும் பள்ளியும் அதிலிருந்து வந்தன. மகமையின் நுட்பம் அந்த விகிதத்தில்தான் இருக்கிறது. வியாபாரம் குறைந்தால் மகமையும் தானாகக் குறையும். கொடுப்பவருக்குச் சுமை தெரியாது, கொடுக்க முடியாமல் போய்விட்டதே என்ற கூச்சமும் வராது. இன்று நாம் முதலாளியிடம் “வருசத்துக்கு ஐம்பதாயிரம்” என்று ஒரு தொகையை நிர்ணயித்துவிடுகிறோம். வியாபாரம் இறங்கிய ஆண்டில் அவரால் முப்பதாயிரம் தர முடிந்தாலும், ஒப்புக்கொண்டதைத் தர முடியாத வெட்கத்தில் நம் தொலைபேசியையே எடுக்காமல் விட்டுவிடுகிறார். தொகைக்குப் பதில் விகிதம் பேசுங்கள்: அனுப்புகிற கேஸ் ஒன்றுக்கு ஐம்பது பைசா, அச்சடிக்கும் ரீம் ஒன்றுக்கு இவ்வளவு என்று. கெட்ட ஆண்டிலும் உறவு அறுந்துபோகாது.

மகமை ஒரு சமூகம் தனக்காகக் கட்டிய நிதி. நம் நிறுவனங்கள் எல்லாத் தெருவுக்கும் பொதுவாக இருக்க வேண்டியவை. அதனால் முறையை எடுத்துக்கொள்ளலாம், எல்லையை எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் நன்கொடையாளர் பட்டியல் முழுக்க ஒரே சாதிப் பெயர்களாகவும் ஒரே தெருவாகவும் இருந்தால் அது நிதி நிலைமைக்கும் கேடு, நோக்கத்துக்கும் கேடு.

உலகம் முழுக்கக் கஷ்ட காலத்தில் வென்ற முயற்சிகள் இதே தடத்தில்தான் போயிருக்கின்றன. 1938இல் அமெரிக்கப் பொருளாதாரம் மறுபடியும் சரிந்திருந்த நேரம். இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க நிதி வேண்டியிருந்தது. எட்டி கேன்டர் என்ற நகைச்சுவை நடிகர் வானொலியில் மக்களிடம் பத்து சென்ட் நாணயம் ஒன்றை வெள்ளை மாளிகைக்கு அனுப்பச் சொன்னார். வந்து குவிந்தவை 26,80,000 நாணயங்கள். அந்த இயக்கத்தின் பணத்தில் நடந்த ஆய்வுகளிலிருந்துதான் 1955இல் ஜோனாஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி வெற்றி பெற்றது. பெரிய பணக்காரர்களின் கை சுருங்கிய காலத்தில் சிறிய கைகள் ஏராளமாக நீண்டன. பிடி அரிசியும் அதைத்தான் செய்தது, அதற்கு அரை நூற்றாண்டு முன்பே.

முதலில் ஒரு தாளில் கணக்கு

உதாரணத்துக்கு, 60 பிள்ளைகள் படிக்கும் ஒரு மாலைப் பாடமையத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியைகள் இருவர், ஆளுக்கு 6,000 ரூபாய். வாடகை 3,000. மின்சாரம், சாக்பீஸ், சுண்டல் எல்லாம் சேர்த்து 3,000. மாதம் 18,000 ரூபாய். ஒரு பிள்ளைக்கு மாதம் 300, மையத்துக்கு ஒரு நாள் செலவு 600. இந்த மூன்று எண்களையும் உங்கள் நிறுவனத்துக்குக் கணக்கிட்டு மனப்பாடமாக வைத்திருங்கள். “உங்களால முடிஞ்சதைக் குடுங்க” என்று கேட்பவருக்குக் கிடைப்பதைவிட, “அறுநூறு ரூபா இருந்தா ஒரு நாள் மையம் நடக்கும்” என்று கேட்பவருக்கு அதிகம் கிடைக்கும். பிறந்த நாள், திருமண நாள், பெரியவர்களின் நினைவு நாள் என்று ஒரு வீட்டுக்கு ஆண்டில் ஒரு நாளாவது வரும். அந்த நாளின் செலவை ஏற்கச் சொல்லுங்கள். அன்று கரும்பலகையின் மூலையில் அவர்கள் வீட்டுப் பெயரை எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் போதும், அடுத்த ஆண்டு அவர்களே கூப்பிடுவார்கள்.

இந்த 18,000 ரூபாயும் இப்போது ஒரே முதலாளியிடமிருந்து வருகிறதென்றால், மையம் எந்த மாதமும் நிற்கலாம். மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு, அதாவது 6,000 ரூபாய், தெருவிலிருந்து வரட்டும்: 200 வீடுகள், வீட்டுக்கு மாதம் 30 ரூபாய். இன்னொரு 6,000 மளிகைக்கடை, மருந்துக்கடை, பேப்பர் கடை, சிறு அச்சகம் என்று பத்துப் பேரிடமிருந்து, ஆளுக்கு 600. மூன்றாவது பங்கை மட்டும் பெரிய முதலாளியிடம் கேளுங்கள். அவர் ஒரு வருசம் கைவிரித்தாலும் இரண்டு ஆசிரியைகளின் சம்பளத்துக்குக் குறைவு வராது. வாடகைக்கும் மற்றச் செலவுக்கும்தான் அலைய வேண்டியிருக்கும்.

இங்கே பலர் எழுப்பும் கேள்வி, “ஆலை வேலைக்குப் போற பொம்பளைகிட்டயே பணம் கேக்குறதா?” என்பது. கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கும் பெண்ணால் ஐந்து ரூபாய் தர முடியும். அந்த ஐந்து ரூபாயால் அவர் உங்கள் கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமையைப் பெறுகிறார். இலவசமாக வாங்குகிற இடத்தில் வாய் திறக்காதவர், தன் பணம் கலந்த இடத்தில் “டீச்சர் ஏன் நேத்து வரல?” என்று கேட்பார். ஆனால் இரண்டு கட்டுப்பாடு வேண்டும். பணம் தராத வீட்டுப் பிள்ளைக்கு எந்த வித்தியாசமும் காட்டக் கூடாது. ஆலை மூடியிருக்கும் மாதங்களில் வசூலை நீங்களே நிறுத்திவிட வேண்டும். அவர்கள் சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த மாதங்களில் தெருப் பங்கைச் சேமிப்பிலிருந்து எடுங்கள். பணம் தர முடியாதவர் வாரம் ஒரு மாலை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் அதையும் வரவுப் புத்தகத்தில் எழுதுங்கள்.

எப்போது கேட்பது

ஐப்பசியில் ஊரே பரபரப்பாக இருக்கும். லாரிகள் நிற்க இடமில்லாமல் நிற்கும். அப்போது முதலாளியிடம் போய் நின்றால் அள்ளித் தருவார் என்று வெளியூரிலிருந்து வருகிற நிதி திரட்டுவோர் நினைக்கிறார்கள். சரக்கு பெரும்பாலும் கடனுக்குப் போகிறது. வெளிமாநில ஏஜென்டுகள் தீபாவளி விற்பனை முடிந்த பிறகே கணக்கை முடிப்பார்கள். ஐப்பசியில் முதலாளியிடம் இருப்பது சரக்கும் பில்லும், போனஸ் கொடுக்க வேண்டிய கவலையும்தான். வசூல் உள்ளே வந்து சேரும் தை, மாசியில் போய்ப் பேசுங்கள்.

ஆடிப்பெருக்கு இந்த ஊரின் தொழில் ஆண்டுக்கு ஒரு தொடக்க நாள். பட்டாசுக் கடைகளில் பூஜை போட்டு அந்த ஆண்டு விற்பனையைத் தொடங்குவார்கள். அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பமும் அன்றுதான் வெளியாகும். மகமை போன்ற விகிதப் பேச்சுக்கு இதைவிட நல்ல நாள் இல்லை. கேட்பது அன்று வரும் பணத்தை அல்ல, வரப்போகும் ஆண்டின் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை. மனம் நிறைந்திருக்கும் நேரத்தில் சம்மதம் சுலபமாகக் கிடைக்கும்.

அச்சகங்களின் பருவம் வேறு. நோட்டுப் புத்தகம் போடுகிறவர்களுக்குப் பள்ளி திறக்கும் முன்னால் உள்ள கோடை மாதங்களும், காலண்டர் போடுகிறவர்களுக்கு ஆடி முதல் மார்கழி வரையும் வேலை. மூன்று தொழிலின் பருவத்தையும் ஒரே தாளில் பன்னிரண்டு மாதமாக எழுதி, யாருக்கு எந்த மாதம் கையில் பணம் புழங்கும் என்று குறித்துக்கொண்டால் உங்கள் நிதித் திட்டத்தின் பாதி முடிந்துவிடும். பங்குனிப் பொங்கலும் சித்திரைப் பொங்கலும் வரும்போது வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்கு வருவார்கள். திருப்பூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் நல்ல நிலையில் இருப்பவர்களைப் பட்டாசுச் சந்தையின் ஏற்ற இறக்கம் தொடாது. ஊரில் பணம் வற்றும்போது வெளியிலிருந்து நீர் வரும் வாய்க்கால் அவர்கள்தான். பொங்கலுக்கு வந்தவரை ஒரு மாலை மையத்துக்கு அழைத்து, பிள்ளைகளோடு உட்கார வைத்து, மாதம் 300 ரூபாய் தானாகப் போகும்படி அவருடைய யுபிஐ செயலியில் ஆட்டோபே போட்டுக்கொடுங்கள். அங்கேயே, அப்போதே. ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்ற சொல் பேருந்து ஏறியதும் மறந்துபோகும்.

எப்படிக் கேட்பது

நெருக்கடி ஆண்டில் பழைய நன்கொடையாளரை விட்டுப் புதியவரைத் தேடி ஓடுவது பெரும்பாலோர் செய்வது. பழையவருக்கே கஷ்டம், அவரிடம் எப்படிப் போவது என்ற தயக்கம் அது. அந்தத் தயக்கத்தை அவர் வேறு மாதிரிப் புரிந்துகொள்வார்: பணம் இருந்தபோது வந்தார்கள், இல்லாதபோது எட்டிப் பார்க்கவில்லை என்று. போங்கள். பேச்சு இப்படி இருக்கலாம்:

“அண்ணாச்சி, ஏவாரம் எப்படி இருக்குன்னு தெரியும். காசு கேட்டு வரல. போன வருசம் நீங்க குடுத்த பன்னெண்டாயிரத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“இந்த வருசம் ஒண்ணும் செய்ற நெலமையில இல்லப்பா.”

“இருக்கட்டும் அண்ணாச்சி. நாலு புள்ளைங்க பத்தாவது பாஸ் பண்ணிருச்சு. அதுல ஒண்ணு நம்ம குடோன்ல வேலை பாக்குற அக்கா மக. மார்க் பட்டியலைக் காட்டத்தான் வந்தேன். இன்னொண்ணு, அச்சகத்துல வெட்டி மிஞ்சுற பேப்பர் இருந்தா சொல்லுங்க, புள்ளைங்களுக்கு ரஃப் நோட்டு தைச்சுக்கிடுவோம்.”

பேப்பர் கிடைக்கும். இந்த ஊரில் பணத்துக்குத்தான் பஞ்சம் வரும், வெட்டி மிஞ்சிய பேப்பருக்கு வராது. பொருளாக வாங்குவது கேவலமில்லை. லாரி செட்காரர் ஒரு நடை இலவசமாக ஏற்றிவிடலாம், அச்சகம் இரவு மெஷின் ஓய்ந்த பிறகு நோட்டீஸ் அடித்துத் தரலாம். பொருளாகக் கொடுத்தவர் உறவில் இருக்கிறார், நல்ல ஆண்டு திரும்பும்போது பணமாகக் கொடுப்பார். மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தியபோதும் இதே ஏற்பாடுதான் கைகொடுத்தது. ஊர்க்காரர்களும் உள்ளூர்ச் சங்கங்களும் இடமும் பந்தலும் சாப்பாடும் விளம்பரமும் பார்த்துக்கொள்வார்கள். மருத்துவமனை வைத்தியத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொருவரிடமும் அவரிடம் எது தாராளமாக இருக்கிறதோ அதைக் கேட்டார்கள்.

விளம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சு மலிவாகக் கிடைக்கிற ஊர் என்பதால் வழவழப்பான தாளில் நாலு வண்ணத்தில் ஆண்டறிக்கை போடும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. சீசன் பொய்த்த ஆண்டில் அதைப் பார்க்கும் முதலாளிக்கு முதலில் தோன்றுவது, இதற்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்பதுதான். ஃப்ளெக்ஸ் பேனர் இங்கே யார் கண்ணிலும் படுவதில்லை, அவ்வளவு இருக்கிறது. மையத்தின் வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, மாதா மாதம் வரவு, செலவு, இருப்பு மூன்றையும் சாக்பீஸில் எழுதுங்கள். தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் படிப்பார்கள். அதையே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கூடவே ஒரு நிமிட ஒலிப்பதிவு, உங்கள் குரலில், நம் பேச்சுத் தமிழில். கணக்கில் பற்றாக்குறை இருந்தால் பற்றாக்குறையையும் எழுதுங்கள். மறைத்து வைத்துவிட்டுக் கடைசி நாளில் “மையத்தை மூடப் போகிறோம்” என்று அலறுகிறவரை அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

விபத்துக்குப் பிறகு

இந்த வட்டாரத்துக்கு மட்டுமே உரிய ஒரு சோதனை இது, நின்று பேச வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 40 பேர் அளவில் இறந்தார்கள், உதவப் போனவர்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். அதற்குப் பிறகும் ஆண்டு தவறாமல் விபத்துகள். விபத்து நடந்த வாரத்தில் நாடு முழுவதும் இரக்கம் பெருகும், பணமும் வரும். தீக்காயப் பிரிவில் கிடக்கும் உடலைப் படம் எடுத்துப் போட்டால் இன்னும் அதிகம் வரும். போடாதீர்கள். படுக்கையில் கிடக்கும் பெண்ணுக்கு அந்த நேரத்தில் சம்மதம் சொல்லும் நிலை இருக்காது. அவள் பிள்ளை நாளை பள்ளிக்குப் போகும்போது அந்தப் படம் அதன் வகுப்புத் தோழர்களின் கைபேசியில் இருக்கும். படம் இல்லாமல் பணம் வராது என்றால், குறைவான பணத்தோடு வேலை செய்யுங்கள். முகம் காட்டாமல், பெயர் சொல்லாமல், குடும்பத்துக்கு அடுத்த ஆறு மாதத்துக்கு என்ன செலவு இருக்கிறது என்று ரூபாயில் எழுதுங்கள். ஒப்பனை இல்லாத அந்தப் பட்டியலே நெஞ்சைத் தொடும்.

விபத்து நிதியைத் தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். வாரக் கணக்கில் வருகிற அந்தப் பணத்தை மையத்தின் வாடகைக்குத் தொட்டால், எவ்வளவு நேர்மையான காரணம் இருந்தாலும், ஊரில் உங்கள் பெயர் கெடும். அரசு தர வேண்டியதை நீங்கள் தர முயல வேண்டாம். பட்டாசு ஆலை விபத்தில் இறந்தோரின் பிள்ளைகளுக்குக் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகர் வந்தபோது முதலமைச்சர் அறிவித்தார். அதற்கான சான்றிதழ்களைச் சேர்த்து, மனு எழுதி, ஆட்சியர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் வருவதுதான் பல குடும்பங்களுக்கு முடியாத காரியம். அந்தக் காரியத்துக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு ஆளின் நேரமும் போதும். 2,000 ரூபாயில் ஒரு குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் சேர வேண்டியதைச் சேர்க்கிறோம் என்று சொல்லி நன்கொடை கேட்டுப் பாருங்கள், விளங்கிக்கொள்வார்கள்.

யாரிடம் வாங்கக் கூடாது என்பதையும் நல்ல காலத்திலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். விபத்து வழக்கு நிலுவையில் உள்ள ஆலையின் பணத்தை, இழப்பீடு முழுதாகக் கொடுத்து முடியும்வரை வாங்கக் கூடாது என்பது என் கருத்து. கைநீட்டி வாங்கிய பிறகு, பாதிக்கப்பட்ட குடும்பம் உங்களிடம் வந்து ஆலைக்கு எதிராகச் சாட்சி சொல்லத் துணை கேட்டால் என்ன செய்வீர்கள்? பணமுடையில் இருக்கும்போது இந்த முடிவை எடுக்க முடியாது. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டுக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால், “எனக்கு விருப்பந்தான், தீர்மானம் இருக்கு” என்று பகை இல்லாமல் மறுக்கலாம்.

வரிக் கணக்கில் தெரிந்திருக்க வேண்டியவை

“80ஜி ரசீது தர்றோம்” என்பது இதுவரை நமக்குப் பெரிய ஆயுதமாக இருந்தது. 2023-24 முதல் தனிநபர்களுக்குப் புதிய வரிமுறையே இயல்பான முறை ஆகிவிட்டது, அதில் 80ஜி சலுகை கிடையாது. ஆசிரியர்களிடமும் வங்கி ஊழியர்களிடமும் வரிச்சலுகையைச் சொல்லிக் கேட்பதில் இனிப் பயன் குறைவு. ஆனால் சிவகாசியில் பல ஆலைகளும் அச்சகங்களும் கூட்டு நிறுவனங்கள், அதாவது பார்ட்னர்ஷிப். அவற்றுக்கு அந்தப் புதிய முறை இல்லை. அவர்கள் நன்கொடையில் பாதியை, மொத்த வருமானத்தில் பத்து விழுக்காடு என்ற வரம்புக்கு உட்பட்டு, கழித்துக்கொள்ளலாம். எனவே முதலாளியிடம் சொந்தப் பணமாகக் கேட்காமல் நிறுவனத்தின் காசோலையாகக் கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் சலுகை இல்லை. ஆண்டு முடிந்ததும் மே 31க்குள் படிவம் 10பிடி தாக்கல் செய்து, ஒவ்வொருவருக்கும் 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் அன்று முதல் பிரிவு எண்களும் படிவங்களும் வேறு. உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனிச் சட்டப்படி சமூகப் பொறுப்பு நிதி ஒதுக்க வேண்டியவை 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனிகள். நம் தெருவில் அந்த அளவுக்கு யாரும் அநேகமாக இல்லை. அந்த நிதியைத் தேடி மாதக்கணக்கில் விண்ணப்பம் எழுதுவதைவிட 200 வீடுகளுக்கு நடப்பது பலன் தரும்.

உண்டியல் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பெயர் தெரியாத நன்கொடை ஆண்டுக்கு ஒரு லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் ஐந்து விழுக்காடு, இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், மிகுதிக்கு 30 விழுக்காடு வரி. ஐந்து ரூபாய் கொடுத்தாலும் பெயரும் முகவரியும் எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளை இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்து தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் ஆகிவிடும். பிறகு எஃப்சிஆர்ஏ பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கியில் தனிக் கணக்கும் வேண்டும். பாஸ்போர்ட்டைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நல்ல ஆண்டில் ஒதுக்குவது

அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963இல் வந்தது. ஸ்டாண்டர்டு ஃபயர் ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968இல். தீப்பெட்டியிலும் பட்டாசிலும் சம்பாதித்தவர்கள் நன்றாக நடந்த காலத்தில் நிலமும் கட்டடமுமாக மாற்றி வைத்தவை அவை. அதற்குப் பிறகு எத்தனையோ சீசன் பொய்த்திருக்கிறது. வகுப்புகள் நின்றதில்லை.

நமக்கு அந்த அளவு முடியாது. முடிந்தது ஒன்று உண்டு. பதிவு பெற்ற அறக்கட்டளை அந்த ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்குச் செலவிட்டுவிட்டு, 15 விழுக்காடு வரை நிபந்தனை இல்லாமல் சேர்த்து வைக்கலாம் என்கிறது வரிச் சட்டம். பாடமையக் கணக்கில் ஆண்டு வரவு 2,16,000 என்றால் சேமிப்பு 32,400. ஆறு மாதச் செலவான 1,08,000 சேர மூன்று ஆண்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அதற்கு வரவு செலவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், எனவே தேவைக்குச் சற்று அதிகமாகவே திரட்டுங்கள். “பணம் மிச்சம் வச்சிருக்கீங்க, பிறகெதுக்குக் கேக்குறீங்க?” என்று யாராவது கேட்டால், 2018-19இல் ஆலைகள் மூடிக் கிடந்த மாதங்களை நினைவுபடுத்துங்கள். இந்த ஊரில் அந்தப் பதில் எல்லோருக்கும் புரியும்.

செலவைக் குறைக்க வேண்டி வந்தால் ஆசிரியைகளின் சம்பளத்தைக் கடைசியாகத் தொடுங்கள். சம்பளம் பாதியானால் நல்ல ஆசிரியை போய்விடுவார், அவரோடு பிள்ளைகளும் போய்விடுவார்கள், அதன்பின் நிதி கேட்க உங்களிடம் எதுவும் இருக்காது. பக்கத்துத் தெரு அமைப்போடு ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொண்டால் வாடகை பாதியாகும். விழா, நினைவுப் பரிசு, சால்வை இவற்றை இந்த ஆண்டே நிறுத்தலாம்.

இந்த அத்தியாயத்தை மூடியதும் செய்ய வேண்டியது: உங்கள் மாதச் செலவு, ஒரு நாள் செலவு, ஒரு பிள்ளைக்கான செலவு மூன்றையும் எழுதுங்கள். வரும் சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் வாங்கி ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உங்கள் தெருவின் முதல் வீட்டுக்குப் போங்கள்.